டெல்டாவில் பேட்டரி சைக்கிளுக்கு கன்ட்ரோலர் மாற்றுவது

பேட்டரி சைக்கிளில் கன்ட்ரோலர் எரிவதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் மலையேற்றம். திருவையாற்றில் தொடங்கி வேதாரண்யம் வரை போனாலும் நமக்கு மலை கிடையாது. ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவு, ரயில்வே மேம்பாலம், வயலிலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறும் மண்பாதை, நம்மூரில் மேடென்றால் இவ்வளவுதான். ஆனாலும் கன்ட்ரோலர் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கூடுதலாகவே போகிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் போர் தண்ணியைக் குழாயில் பீய்ச்சிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்த வண்டி, மறுநாள் சாவி போட்டால் மூச்சு காட்டாமல் நிற்கும்.

இங்கே கன்ட்ரோலருக்கு எமன் தண்ணீர்தான். பெட்டிக்குள் நேராகப் புகும் தண்ணீரைவிட, கனெக்டரிலும் வயர் வழியாகவும் ஏறும் தண்ணீர்தான் பெரும்பாலும் வேலையைக் காட்டுகிறது. அதைக் கவனிக்காமல் புதுசு மாட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் போகும். இன்னொன்றும் உண்டு. ‘கன்ட்ரோலர் போச்சு’ என்று கழற்றி வைக்கப்படும் பெட்டிகளில் பல உயிரோடுதான் இருக்கும்.

இங்கே பேசுவது 36 வோல்ட் லித்தியம் பேட்டரி, சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் 250 வாட் ஹப் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டி. லைசென்ஸ், பதிவு எண் வேண்டாம் என்று விற்கப்படுவது இந்த வகை. 24, 48 வோல்ட்டுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

கன்ட்ரோலர் என்பது கேரியருக்கு அடியிலோ, பேட்டரி உட்காரும் தட்டுக்குள்ளோ இருக்கும் உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. உள்ளே கரண்ட்டைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகளான மாஸ்பெட்டுகள் ஆறு, ஒன்றிரண்டு பெரிய கெப்பாசிட்டர், 5 வோல்ட் தயாரிக்கும் சிறு சர்க்யூட், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு சிப். மோட்டாருக்குள் காந்தம் எங்கே நிற்கிறது என்று மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். அதைக் கேட்டு, பேட்டரி கரண்ட்டை மூன்று பேஸ் வயர்களில் மாற்றி மாற்றி அனுப்புவதுதான் இதன் வேலை.

வாங்குவதற்கு முன் சோதனை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

பேட்டரியில் தொடங்குங்கள். 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 காட்டும். 31 பக்கம் இறங்கினால் கன்ட்ரோலர் தானே நிறுத்திவிடும். பேட்டரி வாயில் 40 இருந்து, கன்ட்ரோலருக்குப் போகும் தடித்த சிவப்பு, கறுப்பு வயரில் ஒன்றுமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து பேட்டரி தட்டில் இருக்கும் பித்தளை முனைகளைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் இரண்டு பிரேக் லீவர் கனெக்டரையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். லீவருக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் துருவேறி ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்தபடியே இருப்பதாக கன்ட்ரோலர் நினைத்து மோட்டாருக்கு கரண்ட் விடாது. டிஸ்பிளே எரியும், லைட் எரியும், சக்கரம் மட்டும் சுற்றாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல கன்ட்ரோலர்கள் குப்பைக்குப் போகின்றன.

அடுத்தது 5 வோல்ட். திராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டத் திருகும் கைப்பிடி, அதன் கனெக்டரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.3 முதல் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். திராட்டில், பெடல் சென்சார், மோட்டாரின் ஹால் மூன்றுக்கும் போவது ஒரே 5 வோல்ட். அதில் ஒன்றில் தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனாலும் மொத்தமும் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து வருகிறதோ அதுதான் குற்றவாளி. சேற்றில் ஓடும் வண்டியில் பெரும்பாலும் பெடல் சென்சார்தான் மாட்டும். கிராங்க் பக்கத்திலேயே இருப்பதால் சேறு முழுக்க அதன் மேல்தான் அடிக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வரவில்லையென்றால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்கலாம்.

திராட்டிலின் சிக்னல் வயரில், கை வைக்காதபோது ஏறக்குறைய 0.8 முதல் 1 வோல்ட், முழுக்கத் திருகினால் 3.6 முதல் 4.2 வரை. ஹாலுக்கு வண்டியை ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு முனையை ஹால் கறுப்பில் வைத்து, மெல்லிய மஞ்சள், பச்சை, நீல வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்கும் 5-க்கும் (சிலவற்றில் 4-க்குச் சற்று மேல்) தாவ வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் மோட்டாருக்குள் அந்த ஹால் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். கன்ட்ரோலர் மாற்றி அது சரியாகாது.

இந்தச் சோதனையில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நம்மூர் 250 வாட் மோட்டார்களில் பெரும்பாலானவை கியர் வைத்தவை. உள்ளே ஒருவழி கிளட்ச் உண்டு. முன்பக்கமாகச் சுற்றினால் சக்கரம் மட்டும் ஓடும், மோட்டார் அசையாது. அதனால் சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். முன்பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று ஹாலும் போய்விட்டது என்று முடிவு கட்டினால் மோட்டாருக்கும் சேர்த்து தண்டச் செலவு.

மாஸ்பெட் சோதனைக்கு பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி கெப்பாசிட்டரில் தங்கியிருப்பதை வடியவிடுங்கள். மோட்டாரையும் கழற்றிவிடுங்கள். மீட்டரை டயோடு நிலைக்குக் கொண்டுவந்து, சிவப்பு முனையை கன்ட்ரோலரின் தடித்த கறுப்பில் வைத்து, கறுப்பு முனையால் மூன்று பேஸ் வயர்களையும் தொடுங்கள். மூன்றிலும் 0.4 முதல் 0.6-க்குள் ஒரே மாதிரி வர வேண்டும். பிறகு கறுப்பு முனையை தடித்த சிவப்பில் வைத்து, சிவப்பு முனையால் மூன்று பேஸையும் தொடுங்கள். இதிலும் அப்படியே. எங்காவது பூஜ்யம் காட்டி மீட்டர் கத்தினால் அந்த மாஸ்பெட் ஷார்ட். மீட்டர் இல்லாதவர்கள் கையாலேயே அறியலாம். மோட்டார் இணைந்திருக்கும்போது சக்கரத்தைப் பின்பக்கம் திருப்பினால் விட்டுவிட்டு இறுகி, மோட்டாரைக் கழற்றியதும் இலகுவானால் கன்ட்ரோலரில் ஷார்ட். கழற்றிய பிறகும் இறுகினால் மோட்டார் பக்கம் ஷார்ட்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தவறவிட்டால் புது கன்ட்ரோலர் முதல் திருகலிலேயே புகைந்துவிடும். மோட்டார் வயர் அச்சிலிருந்து வெளியே வரும் இடத்தில் உரசி உரசி உறை கிழிந்து, இரண்டு பேஸ் ஒன்றையொன்று தொடும். இதை ஓம் மீட்டரில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மோட்டாரிலேயே பேஸுக்கும் பேஸுக்கும் இடையே ஒரு ஓம்கூட இருக்காது, ஷார்ட்டும் அதே மாதிரிதான் காட்டும். சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. பேஸிலிருந்து அச்சுக்கும், பேஸிலிருந்து ஹால் வயருக்கும் தொடர்பே இருக்கக்கூடாது, அதை மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். அச்சு ஓரம் வயரை வளைத்துப் பார்த்து, உறை கிழிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சோதனைக்கு பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவரிடம் போவது நல்ல யோசனைதான். மூன்று பேஸ் வேலை அவருக்குக் கைவந்த கலை, சால்டரிங்கும் சுத்தமாக இருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். கன்ட்ரோலரோ ஹால் வயரோ இணைந்திருக்கும்போது மெக்கர் (உயர் வோல்ட் விட்டு இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைக்கக்கூடாது. 500 வோல்ட் போனால் 5 வோல்ட்டில் வாழும் ஹாலும் சிப்பும் அந்த நொடியே முடிந்தன.

கன்ட்ரோலர்தான் போனது என்று உறுதியானால் பழைய பெட்டியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். வோல்ட், ஆம்பியர், நிறுத்தும் வோல்ட், 120 டிகிரி (இது சூடு அல்ல, ஹால் சென்சார்களின் கோண இடைவெளி) என்று இருக்கும். 36 வோல்ட் 250 வாட்டுக்கு உச்ச கரண்ட் 14, 15 ஆம்பியர். அதையே வாங்குங்கள். அதே விலைக்கு 22 ஆம்பியர் கிடைக்கிறது, இழுவை கூடும் என்று கடைக்காரர் சொல்வார். கூடத்தான் செய்யும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். 15, 20 ஆம்பியரில் வெட்டிவிடும், பாலம் ஏறும்போது நடுவழியில் வண்டி அணையும். வெட்டாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பற்சக்கரம் பல் இழக்கும். 250 வாட் வரம்பைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டாத வண்டி என்ற தகுதியும் போகிறது.

ஆம்பியரைவிடப் பெரிய சிக்கல் டிஸ்பிளே. ஒரு கம்பெனி டிஸ்பிளே இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரோடு பேசாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஐந்து பின்னும் உள்ளே போகும், எழுத்தும் எரியும், சில நொடியில் தொடர்பு இல்லை என்ற பிழை எண் வரும். குன்டெங் கம்பெனி டிஸ்பிளே என்றால் குன்டெங் கன்ட்ரோலர்தான். பழையதன் தயாரிப்பாளர் தெரியவில்லையென்றால் கன்ட்ரோலரையும் டிஸ்பிளேயையும் ஜோடியாக வாங்குங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் தலைவலி மிச்சம். டிஸ்பிளே இல்லாமல் சாவியும் திராட்டிலும் மட்டும் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

குன்டெங் டிஸ்பிளே வைத்திருப்பவர்கள் பிழை எண்ணையும் கவனிக்கலாம். 01 என்றால் திராட்டில், 03 என்றால் ஹால், 06 என்றால் மோட்டாரிலோ கன்ட்ரோலரிலோ ஷார்ட். மேலே சொன்ன சோதனையில் பாதி அதிலேயே முடியும்.

இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். மோட்டார் கேபிளில் ஹால் வயர் ஐந்தோடு ஆறாவதாக ஒரு வெள்ளை வயர் இருந்தால் அது வேக சென்சார். புது கன்ட்ரோலரில் அதற்கு இடம் இல்லையென்றால் வேகம் காட்டாது, இல்லை தப்பாகக் காட்டும். மற்றொன்று கனெக்டர் வகை. ஒன்பது பின் உள்ள வட்டமான வாட்டர்புரூஃப் கனெக்டர் பழையதில் இருந்தால் புதியதிலும் அதையே கேளுங்கள். வெறும் புல்லட் முனையோடு வருவது விலை குறைவுதான், ஆனால் மழைக்கு ஆகாது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். இரண்டிலும் பழைய ஸ்டிக்கரின் படத்தை அனுப்பிக் கேட்பது உத்தமம்.

கழற்றும் முன் ஒவ்வொரு கனெக்டரையும் போட்டோ எடுங்கள். வெள்ளைத் துணி டேப்பில் எண் எழுதி இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், குறிப்பாக பேட்டரி வயரில். பிளஸ், மைனஸை மீட்டரில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஒரே ஒரு முறை மாறி இணைத்தாலும் கன்ட்ரோலர் போயே போச்சு, அதற்கு மன்னிப்பு கிடையாது. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றியே ஆக வேண்டியிருந்தால் அச்சில் இருக்கும் நாக்கு வைத்த வாஷரைப் பழைய இடத்திலேயே போடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் அச்சே சுழன்று மோட்டார் வயரைத் திருகி அறுத்துவிடும்.

வயரை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால், எல்லா வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளி வெட்டுங்கள். மூட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அமையாது, மூட்டை மூடும், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் நழுவினாலும் ஷார்ட் ஆகாது. ஸ்லீவை முதலில் வயரில் மாட்டிவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும் (எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறப்பார்கள்). பேஸுக்கும் பேட்டரிக்கும் 60 வாட் அயர்ன் வேண்டும், மெல்லிய வயர்களுக்கு 25 வாட் போதும். உள்ளே பசை தடவிய ஸ்லீவ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சூடு காட்டியதும் பசை உருகி ஓரத்தில் கசிந்தால் தண்ணீர் புகாது.

இணைக்கும் வரிசையில் பேட்டரி கடைசி. அதற்கு முன் ஒன்றைத் தேடுங்கள். தடித்த சிவப்பு வயருக்குப் பக்கத்தில் மெல்லிய சிவப்பு அல்லது ஆரஞ்சு வயர் ஒன்று தனியாக வரும். டிஸ்பிளே இல்லாத வண்டியில் அது சாவி வழியாக பேட்டரி பிளஸுக்குப் போக வேண்டும். அதை விட்டுவிட்டால் கன்ட்ரோலர் விழிக்கவே விழிக்காது, புதுசே பழுது என்று திருப்பி அனுப்பத் தோன்றும். பேட்டரியைச் செருகும்போது ‘டப்’பென்று ஒரு பொறி வரும். காலியாக இருந்த கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் நிரம்புவது அது, பயப்பட ஒன்றுமில்லை. தினமும் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு முனை கருகும், அவர்கள் பொறி அடிக்காத வகை கனெக்டர் போட்டுக்கொள்ளலாம்.

இனி பேஸ் வரிசை. பம்ப்செட் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டு வயரையாவது மாற்றிப் போட்டால் போதும், திசை மாறிவிடும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வம்பு. இந்த மோட்டாரில் பேஸும் ஹாலும் கைகோத்து நடக்க வேண்டும். ஹால் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு பேஸை ஆறு விதமாகப் போடலாம். அதில் ஒன்றே ஒன்றுதான் சரி. மற்றவற்றில் மோட்டார் உறுமும், நடுங்கும், நின்ற இடத்தில் உதறும். சிலவற்றில் ஓடவும் செய்யும், அதுதான் ஆபத்து. ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் கரண்ட்டை அள்ளிக் குடித்து, கன்ட்ரோலரைக் கைவைக்க முடியாமல் சூடாக்கும்.

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் பேட்டரி பிளஸ் வயருக்கு நடுவே தொடராக இணைத்து, திராட்டிலை மெதுவாகத் திருகுங்கள். சரியான வரிசையில் பாரமில்லாமல் சுற்றும்போது 1 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் நிற்கும், சத்தம் சீராக இருக்கும். 3, 4 என்று ஏறினால் வரிசை தப்பு. சில நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள், சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தவும் கூடாது. மீட்டர் அதைத் தாங்காது. ஓட்டம் சரி, திசை மட்டும் தலைகீழ் என்றால் ஹாலில் இரண்டை மாற்றிவிட்டு, பேஸுக்கான சரியான வரிசையை மறுபடி தேட வேண்டும். கியர் மோட்டார் தலைகீழாகச் சுற்றும்போது கிளட்ச் பிடிக்காது. உள்ளே சத்தம் கேட்கும், சக்கரம் நகராது. அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

சில கன்ட்ரோலர்களில் தனியாக இரண்டு வெள்ளை வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து வண்டியை ஆன் செய்தால், கன்ட்ரோலர் தானே மோட்டாரைச் சுற்றிப் பார்த்து வரிசையைக் கற்றுக்கொள்ளும். பின்பக்கம் சுற்றினால் பிரித்து ஒருமுறை மறுபடி இணைத்தால் திசை மாறும். சுற்றத் தொடங்கியதும் பிரித்து, தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். இந்த வசதி உள்ளதை வாங்கினால் மேலே சொன்ன பாதி வேலை குறையும்.

இப்போது தண்ணீர் விஷயம். கழற்றிய பழைய கனெக்டர் ஒன்றை வெளிச்சத்தில் பாருங்கள். பின்னின் அடியில் பச்சைப் பொடி ஒட்டியிருக்கும். செம்புப் பாத்திரத்தில் ஏறுகிற அதே களிம்பு. வயரின் உறையை ஒரு விரற்கடை சீவினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்திருக்கும். இன்னும் சீவினால் இன்னும் கறுப்பு. இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு ஏறிப் போயிருப்பதற்கு அது அடையாளம். அந்தத் தண்ணீர் உறைக்குள்ளாகவே நடந்து கன்ட்ரோலர் போர்டு வரை போய்ச் சேரும். வெளியே எவ்வளவு சிலிக்கோன் பூசினாலும் அதைத் தடுக்காது. கறுத்த வயரில் சால்டரும் பிடிக்காது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ளிவிட்டு ஒட்டுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் மழையே வேண்டாம். உப்புக் காற்றும் மார்கழிப் பனியும் போதும். உப்புப் படிந்த கனெக்டர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பின்னுக்கும் பின்னுக்கும் இடையே கரண்ட் கசியும். திராட்டிலில் 5 வோல்ட் பின்னிலிருந்து சிக்னல் பின்னுக்குக் கசிந்தால், கை வைக்காமலேயே வண்டி நகரப் பார்க்கும். வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டியின் சக்கரம் தானே சுற்றினால் காத்து கருப்பு எதுவும் இல்லை, திராட்டில் கனெக்டரில் ஈரம். அப்படி நடந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிறகே தொடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது டிஸ்பிளே கனெக்டர். அதில் 36 வோல்ட் பின்னும் சிக்னல் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இடையில் பாலம் போட்டால் 36 வோல்ட் நேராக சிப்புக்குப் போகும். பேட்டரி அளவு காட்டும் லைட்டும் சாவியும் சேர்ந்த திராட்டில் கேபிளிலும் இதே நிலைமை. அதனால் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் இந்த இரண்டுக்கும் வையுங்கள்.

பெட்டியைப் பொருத்தும்போது வயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பெட்டிக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி வளைத்துக் கட்டுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மேல் மூடியின் ஓரத்துக்கு சிலிக்கோன் பூசலாம், கீழ்ப்பக்கத்தை முழுக்க அடைக்காதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற ஒரு வழி வேண்டும். கடையில் வாங்கும்போது புளித்த வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனைத் தவிருங்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடை அடிக்காத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுற்றிக் கட்டுவதும் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே வெந்துபோகும். அலுமினியப் பெட்டி ஃபிரேம் இரும்பைத் தொட்டபடி இருந்தால் சூடு இறங்க வழி கிடைக்கும்.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. கேரியரில் 40 கிலோ நெல் சிப்பத்தை வைத்துக்கொண்டு, சேற்றுப் பாதையில் நின்ற இடத்திலிருந்து திராட்டிலை முழுக்கத் திருகுவதுதான் மாஸ்பெட்டுக்கு மிகக் கொடுமையான வேலை. சக்கரம் சுற்றாதபோது உள்ளே போகிற கரண்ட் எல்லாம் சூடாகத்தான் மாறும். நாலு மிதி மிதித்து வண்டி நகர்ந்த பிறகு திருகுங்கள். ஆடிக்காற்றில் எதிர்த்துப் போகும்போதும் மிதித்தபடியே போனால் பேட்டரியும் கூடுதலாக ஓடும்.

மாற்றிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பேஸ் மூட்டுகளையும் பேட்டரி கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்த மூட்டு சரியில்லை, பிரித்து மறுபடி செய்யுங்கள். பழைய கன்ட்ரோலரை காயலான் கடைக்குப் போடும் முன், களிம்பு ஏறாத கனெக்டர்களை ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை பின் தனியாகத் தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு.